பாலம் எழும்புமுன் சிக்னல் சிவக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கணினியில் ரயில் பாதை அமைத்து ஓட்டிப் பார்க்கும் மட்டக்களப்புப் பிள்ளைகளைப் பற்றித் தங்கள் இளைஞர் பகுதியில் வந்த குறிப்பை வாசித்து மனம் நிறைந்தேன். என் பேத்தியும் இதே வேலையில்தான் இருக்கிறாள். மட்டக்களப்பு நிலையத்தோடு நின்றுபோன நம் தண்டவாளத்தை வாவியைக் கடந்து கல்லடி, காத்தான்குடி வழியாகக் கல்முனை வரை நீட்டியிருக்கிறாள். படகுகள் போக வாவியின் நடுவே ஒரு தூக்குப் பாலம். விசையைத் தட்டியதும் அது நேர்த்தியாக மேலெழுகிறது. ஆனால் ஆளுயரம் எழும்பிய பின்பும் கரையில் சிக்னல் பச்சையாகவே இருந்தது.

நிலைய அதிபராக வேலை பார்த்த எனக்கு இதைப் பேசாமல் விட மனம் வரவில்லை. திறக்கும் பாலமும் சிக்னலும் ஒன்றையொன்று பூட்டிவைத்திருக்க வேண்டும். பாலத்தைத் திறப்பவர் முதலில் சிக்னல் அறையிடம் அனுமதி கேட்பார். இரு கரைச் சிக்னல்களும் சிவப்புக்கு வந்து, இடையில் ரயில் இல்லை என்று உறுதியான பிறகே பாலத்தின் பூட்டு விடுபடும். ரயில் நெருங்கும் வேளையில் பச்சையைச் சிவப்பாக்கினால், அது நின்றுவிடக்கூடிய நேரம் கழியும்வரை பூட்டு அசையக் கூடாது. பூட்டு விடுபட்டுவிட்டதோ, எந்த நெம்புகோலை இழுத்தாலும் சிக்னல் பச்சைக்கு வராது. ஒற்றைப் பாதையில் ரயில் ஓட்டுநருக்கு அனுமதியாகக் கொடுக்கும் டேப்லட் என்ற வில்லை ஒன்று வெளியே இருக்கையில் இயந்திரம் இன்னொன்றைத் தராது அல்லவா, அதே நியாயம்தான்.

மூடுவதில்தான் கவனம் கூடுதலாக வேண்டும். பாலம் வந்து அமர்ந்தால் போதாது. தண்டவாள முனைகள் பிசகின்றிப் பொருந்திப் பூட்டு விழுந்தது தெரிந்த பிறகே பச்சை வர வேண்டும். 1906இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி அருகே சுழல் பாலம் மூடித்தான் இருந்தது. தண்டவாளம் சரியாகப் பொருந்தவில்லை. 53 பேர் மாண்டனர். 1958இல் நெவார்க் குடாவில் பாலம் தூக்கியிருந்தது, சிக்னலும் சிவப்பு, ரயில்தான் நிற்கவில்லை. 48 உயிர்கள் போயின. ஆகவே சிவப்பைத் தாண்டும் ரயிலுக்குத் தானாகவே பிரேக் விழும் ஏற்பாட்டையும் பிள்ளைகள் தங்கள் பாதையில் சேர்க்க வேண்டும்.

காற்றையும் மறக்கக் கூடாது. 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தின் இரு இறக்கைகளையும் தொழிலாளர் கையால் சுற்றியே தூக்கினார்கள். அங்கே காற்று மணிக்கு 58 கிலோமீற்றரைத் தாண்டினால் ரயிலுக்குச் சிவப்பு விழும்படி பிற்காலத்தில் ஏற்பாடு செய்தார்கள். அதன் அருகே செங்குத்தாக எழும் புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. 1978 சூறாவளியைக் கண்ட நம் ஊரில், வாவிக்கு மேலே பாலம் கட்டுகிறவர்கள், அது கணினியில் என்றாலும், காற்றைக் கணக்கில் எடுக்காமல் விடலாமா?

ஓட்டமாவடியின் பழைய இரும்புப் பாலத்தில் ரயிலும் பஸ்ஸும் ஒரே தளத்தில் போன காலத்தில், இருபுறமும் வாகனங்கள் நிறுத்தப்பட்ட பின்பே ரயில் பாலத்தில் ஏறும். அந்த ஒழுங்கை அறிந்த சிக்னல் தொழிலாளர் பலர் ஓய்வுபெற்று இப்பகுதியிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு, பாலம் திறந்து மூடும் வரிசையைப் படங்களுடன் இளைஞர் பகுதியில் ஓரிரு வாரம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். படம் வரைந்து தர நானும் ஆயத்தமாக இருக்கிறேன்.

ஓய்வுபெற்ற புகையிரத நிலைய அதிபர்,
வாழைச்சேனை.