அதே பாலுதான்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் எழுத்தாளர் சுந்தர ராமசாமி பற்றிய கட்டுரை படித்தேன். ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ எழுதி நாவல் வடிவத்தையே கலைத்துப் போட்டவர், 17 வருஷம் கழித்து ‘குழந்தைகள் பெண்கள் ஆண்கள்’ என்று சாதாரணக் குடும்பக் கதைக்கு இறங்கிவிட்டாராம். அந்த ‘இறங்கி’தான் உறுத்துகிறது.

எனக்குத் தருமபுரியில் புளி வியாபாரம். அவருடைய ‘ஒரு புளியமரத்தின் கதை’ நாவலை நூலகத்தில் எடுத்ததே தலைப்பைப் பார்த்துத்தான். (விலை நிலவரம் எதுவும் இல்லை.) அதில் கதை சொல்லும் தாமோதர ஆசான் பேச ஆரம்பித்ததும் கீழே வைக்க முடியவில்லை. அந்தத் தெம்பில் ஜே.ஜே.யையும் எடுத்தேன். பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு இறந்ததற்கு மறுநாள், 1960 ஜனவரி 5ஆம் தேதி, ஜோசப் ஜேம்ஸ் என்ற மலையாள எழுத்தாளன் இறந்தான் என்று தேதி போட்டு எழுதியிருந்தால் யார்தான் நம்பமாட்டார்கள்? ஜேம்ஸ் எழுதியது தமிழில் இருக்கிறதா என்று நூலகரிடம் கேட்டேன். அவரும், பாவம், இரண்டு அலமாரி தேடினார். ஜேம்ஸ் வெறும் கற்பனை ஆள் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

1998இல் வந்த ‘குழந்தைகள் பெண்கள் ஆண்கள்’ நாவலை ஒரு மாசி மாதம் குடோனில் உட்கார்ந்து படித்தேன். ஓடு உடைத்துக் கொட்டை எடுக்கும் பெண்கள் சத்தமாகப் படிக்கச் சொன்னார்கள். கோட்டயத்து வீடு, சிறுவன் பாலு, அவன் நடுங்கும் அப்பா. மறுநாள் ஒரு அக்கா, கையில் சுத்தியோடு, “அந்தப் பையனுக்கு அப்பா மேல பயம் போச்சா இல்லியா, படிண்ணா” என்றார். ஜே.ஜே.யையும் இரண்டு பக்கம் படித்துக் காட்டினேன். பேச்சு ரேஷன் கடைக்குப் போய்விட்டது.

அதனால் ஜே.ஜே. மட்டம் என்று சொல்லவரவில்லை. அதில் குறிப்புகள் எழுதுகிறவன் பெயரும் பாலுதான். வளர்ந்தவனைக் காட்டியாயிற்று, சரி, இவன் எந்த வீட்டிலிருந்து வந்தான் என்று பார்க்கப் போயிருக்கிறார். அடுக்களைப் பேச்சையும் திண்ணைப் பேச்சையும் டைரிக் குறிப்பாக எழுத முடியுமா? அப்புறம், இது கட்டுரையாளர் நினைக்கிற மாதிரி நேரான கதையும் இல்லை. தனி நாயகன் கிடையாது. ஒருவர் மனசிலிருந்து இன்னொருவர் மனசுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். நடுவில் கொஞ்சம் இழுவை, அதை ஒப்புக்கொள்கிறேன்.

சீசன் முடிந்தும் புத்தகம் முடியவில்லை. மீதியைக் கேட்க அந்த அக்கா மட்டும் சாயங்காலங்களில் வந்துபோனார்.

– புளி வியாபாரி, தருமபுரி