விற்பதா, வாடகைக்கு விடுவதா

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இயந்திரங்களை விற்பதை நிறுத்திவிட்டு மாத வாடகைக்குக் கொடுக்கலாம் என்று நீ போட்ட திட்டத்தை முழுக்கப் படித்தேன். எனக்குப் பிடித்திருக்கிறது. பொருள் அதேதான், பணம் வரும் வழியை மட்டும் மாற்றிப் பெரிதானவர்கள் உண்டு. 1959-இல் ஜெராக்ஸ் 914 நகல் இயந்திரம் வந்தபோது அதைச் செய்த ஹலாய்ட் ஜெராக்ஸ் அப்படியொன்றும் பெரிய நிறுவனம் இல்லை. இயந்திரத்தின் அடக்கவிலையோ மிக அதிகம். அதனால் மாதம் 95 டாலர் வாடகைக்கு விட்டார்கள். 2,000 நகல் வரை அதிலேயே அடக்கம், அதற்கு மேல் நகலுக்கு இவ்வளவு என்று கட்டணம். அந்த மேல் கட்டணம்தான் நிறுவனத்தைத் தூக்கிவிட்டது.

சரி, உன் திட்டத்தில் விட்டுப்போன கணக்குக்கு வருகிறேன். அடக்கவிலை 100 என்று வைத்துக்கொள். 130-க்கு விற்றால் இன்றே 130 கையில். மாதம் 5 வாடகை என்றால் போட்ட 100 திரும்பவே 20 மாதம். ஒரே மாதத்தில் பத்துப் பேர் கேட்டு வந்தால் 1,000 முடங்கும், வருவது 50. ஆள் சேரச் சேரக் கையிருப்பு கரையும். லாப நட்டக் கணக்கில் இது தெரியாது, இயந்திரத்தின் விலை தேய்மானமாகப் பல வருடங்களுக்குப் பிரிந்துவிடும். பணவரவைத் தனியாக எழுதிப் பார்த்தால்தான் தெரியும். பெரிய நிறுவனம் எங்காவது கடன் திரட்டிச் சமாளிக்கும். உனக்கு அதற்குள் சம்பள நாள் வந்துவிடும்.

அதனால் ஒரேயடியாக மாறாதே. ஒழுங்காகப் பணம் தரும் பழைய வாடிக்கையாளர்கள் சிலருக்கு மட்டும் முதலில் கொடு. மூன்று மாத வாடகையை முன்பணமாகக் கேள். விற்பனை ஒரு பக்கம் நடக்கட்டும்.

அப்புறம் சர்வீஸ். இதுவரை இயந்திரம் பழுதானால் உனக்கு வருமானம். இனி அது உன் செலவு. 1962-இல் பிரிஸ்டல் சிட்லி நிறுவனம், விமான எஞ்சின் பராமரிப்புக்குப் பறக்கும் மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் வைத்தது. எஞ்சின் பழுதாகாமல் ஓடினால்தான் அவர்களுக்கு லாபம். உன் மெக்கானிக்குகள் முதலில் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். விற்பனை ஆட்களும்தான். ஆர்டர் பிடித்தவுடன் கமிஷன் என்று இருந்தால், வாடகை தராத ஆளிடமும் இயந்திரத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்கள். வசூலான பிறகு கமிஷன் என்று மாற்று. இதில் மட்டும் தாட்சண்யம் பார்க்காதே.

முதல் வருடம் விற்பனைத் தொகை குறையும், அதைப் பார்த்துக் கலங்காதே அம்மா. எத்தனை இயந்திரம் சும்மா கிடக்கிறது, எத்தனை பேர் திருப்பிக் கொடுத்தார்கள், ஓர் இயந்திரத்துக்குப் பழுதுச் செலவு எவ்வளவு, இதை மாதாமாதம் பார்.

பணவரவுக் கணக்கைப் போட்டு எனக்கு அனுப்பு. சேர்ந்து உட்கார்ந்து பார்த்த பிறகு வங்கியிடம் பேசலாம்.

அன்புடன்,
அம்மா