'கதை' என்று போடுவதா, 'தழுவல்' என்று போடுவதா?

சிங்கப்பூரில் தமிழ்க் கதைகளையும் சித்திரக்கதைகளையும் திரைக்கும் தொலைக்காட்சிக்கும் கொண்டுவரும் தயாரிப்பாளர்கள், இயக்குநர்கள், திரைக்கதை எழுதுவோர் அனைவருக்கும் வணக்கம்.

ஒவ்வொரு தழுவலும் வெளிவரும்போது ஒரே சண்டைதான். "கதையைக் கெடுத்துட்டாங்க" என்பார்கள் வாசகர்கள். "சினிமா வேற, புத்தகம் வேற" என்பீர்கள் நீங்கள். இரண்டுமே சோம்பேறிப் பேச்சு. எதை மாற்றினார்கள், அதனால் பின்னால் எது அறுந்தது என்று பார்த்தால்தான் பேச்சு உருப்படும்.

'பொன்னியின் செல்வன்' கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய ஐந்து பாகம். மணிரத்னத்தின் இரண்டு படங்களும் (2022, 2023) சேர்ந்தால் ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம். ஆள் குறையத்தான் செய்யும். கந்தமாறனின் தங்கை மணிமேகலையைக் காணோமே என்று எங்களுக்கும் வருத்தம்தான். ஆனால் அவள் இல்லாமலும் கடம்பூர் மாளிகையில் ஆதித்த கரிகாலனின் சாவு நடந்துவிடுகிறது. சேந்தன் அமுதன் விஷயம் அப்படியல்ல. நாவலில் கோயிலுக்குப் பூ கொண்டுபோகும் அந்தப் பிள்ளைதான் சோழ அரசி செம்பியன் மாதேவியின் உண்மையான மகன். அருள்மொழி துறக்கும் மகுடம் அவன் தலைக்குப் போகிறது. படத்தில் அந்த ரகசியம் இல்லை. அரியணைக்கு ஆசைப்பட்டுச் சதியில் சேர்ந்த மதுராந்தகனுக்கே முடிசூட்டுகிறார்கள். துறப்பது என்னவோ அதே துறப்புதான். ஆனால் கேட்காதவனைத் தேடிக் கொடுப்பதும், கேட்டு நின்றவனுக்கு விட்டுக்கொடுப்பதும் ஒன்றாகுமா?

பூமணியின் 'வெக்கை' 'அசுரன்' (2019) ஆனபோது நாவலில் இல்லாத அப்பாவின் இளமைக்காலம் பெரிதாகச் சேர்ந்தது. அதை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். மகன் செய்த கொலை, அப்பாவும் மகனுமாகத் தலைமறைந்து திரிவது என்ற தண்டுவடத்தில் கைவைக்கவில்லை.

இங்கே நீங்கள் எடுப்பது பெரும்பாலும் அரை மணி நேர நாடகம். விளம்பரம் போகக் கையில் நிற்பது 22, 23 நிமிடம். திரைக்கதையில் ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்ற வழக்கமான கணக்கில் பார்த்தால் 22 பக்கம். எழுத உட்காருமுன் கதையை அச்செடுத்து, நடப்பதை ஒரு நிறத்திலும் நினைப்பதை இன்னொரு நிறத்திலும் கோடிடுங்கள். தமிழ்ச் சிறுகதையில் இரண்டாம் நிறம்தான் பக்கத்தை நிறைக்கும். தழுவல்கள் சறுக்கும் இடமும் அதுவே: நினைப்பதையெல்லாம் பின்னணிக் குரலில் ஏற்றிவிடுவது.

மகள் வெளிநாடு போகப்போவதாகச் சொல்கிறாள், கதையில் அம்மா ஒரு பக்கம் முழுக்க யோசிக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குரலும் வேண்டாம், வயலினும் வேண்டாம். சமையலறைச் சன்னலுக்கு வெளியே துணி காயும் மூங்கில் கழியை அம்மா உள்ளே இழுக்கட்டும். ஈரம் சொட்டச் சொட்டச் சட்டைகளை உருவி மடித்து அடுக்கட்டும். மகள் "இன்னும் காயலையேம்மா" என்றால் போதும். அந்தப் பக்கத்தில் ஒரு வரிகூட வசனமாகாது, ஆனால் பக்கம் முழுக்கத் திரைக்கு வந்துவிடும்.

சித்திரக்கதையில் தவறு வேறு மாதிரி. கட்டங்கள் வரைந்தே இருப்பதால் அப்படியே படமெடுத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். ஓங்கிய கை ஒரு கட்டம், தரையில் கிடக்கும் ஆள் அடுத்த கட்டம். நடுவில் மனதுக்குள் அடித்தது வாசகர். அந்த அடியை நீங்கள் காட்டினால் வாசகருக்கு வேலை போயிற்று. சன்னி லியூவின் 'தி ஆர்ட் ஆஃப் சார்லி சான் ஹாக் சாய்' (2015, 2017இல் சித்திரக்கதைகளுக்கான ஐஸ்னர் விருதுகள் மூன்று) இன்னும் கடினம். கற்பனை ஓவியர் ஒருவரின் வாழ்க்கை வழியே சிங்கப்பூர் வரலாற்றைச் சொல்லும் நூல் அது. காலத்துக்குக் காலம் வரையும் பாணியே மாறும். சம்பவம் ஒன்றுகூட விடாமல் ஒரே பாணியில் எடுத்தாலும் புத்தகம் கைநழுவிவிடும்.

பேச்சு பற்றி ஒரு வார்த்தை. கதையில் 'கோப்பி ஓ கோசோங்' (பாலும் சீனியும் இல்லாத காப்பி) கேட்ட தாத்தா திரையில் 'ஒரு பிளாக் காபி' என்கிறார். அடுக்குமாடிக் கட்டடத்தைச் சொல்லும் 'புளோக்', 'அபார்ட்மெண்ட்' ஆகிறது. இதற்கு நேரம் இல்லை, பணம் இல்லை என்று சொல்லவே முடியாது. மாற்றாமல் விடுவதற்குச் செலவு ஏது?

இனி எங்கள் கோரிக்கை. 2021 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பதிப்புரிமைச் சட்டத்தின்படி, தன் பெயர் குறிப்பிடப்படுவது படைப்பாளியின் உரிமை. பெயர் போட்டால் மட்டும் போதாது, எப்படிப் போடுகிறீர்கள் என்பதும் முக்கியம். முடிவையோ, முடிவெடுக்கும் ஆளையோ மாற்றியிருந்தால் 'கதை: இன்னார்' என்று போடாதீர்கள். 'இன்னாரின் கதையைத் தழுவியது' என்று போடுங்கள். ஒப்பந்தத்திலும் ஒரு வரி சேருங்கள்: இரண்டாம் வரைவை எழுத்தாளருக்கு அனுப்பி, கருத்துச் சொல்ல 14 நாள் கொடுப்பது. தடுக்கும் அதிகாரம் அவருக்கு வேண்டாம். முதல் வரைவில் எதுவும் உறுதியாகியிருக்காது. இடமும் நடிகரும் பேசி முடித்தபிறகு கேட்டால் அது வெறும் மரியாதைக்குக் கேட்பதாகிவிடும்.

இப்படிக்கு,
சிங்கப்பூர்த் தமிழ் வாசகர்கள் சிலர்