ஸ்லைடைக் குடையுமுன்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பிஸ்டல் போட்டிகளில் புரொடக்‌ஷன் பிரிவை விட்டுவிட்டு ஸ்டாண்டர்டு பிரிவுக்கு மாறிவிட்டாய், புதிதாக ஒரு சிங்கிள் ஆக்‌ஷன் பிஸ்டல் வாங்கியிருக்கிறாய் என்று படித்தபோதே, அடுத்த பத்தியில், ஒவ்வொரு முறை சுடும்போதும் பின்னால் போய்த் திரும்பும் மேல்பாகமான ஸ்லைடைப் பற்றித்தான் கேட்பாய் என்று எதிர்பார்த்தேன். இத்தனை ஆண்டுகளாக ஸ்லைடில் கைவைக்கக் கூடாது என்ற விதிக்குள் சுட்டவனுக்கு, அந்தக் கட்டு அவிழ்ந்ததும் முதலில் ஸ்லைடைக் குடைந்து எடை குறைக்கும் மில்லிங் இயந்திரத்தின் நினைவு வருவது இயல்புதான். நான் இப்போது போட்டிகளில் சுடுவதைவிட, சுடுபவரை மேற்பார்க்கும் ரேஞ்ச் ஆபீசராக நிற்பதே அதிகம். டைமரைப் பிடித்துக்கொண்டு தோளுக்குப் பின்னால் நிற்பவனுக்கு, சுடுபவனுக்கே தெரியாத சில விஷயங்கள் அவனுடைய துப்பாக்கியைப் பற்றித் தெரிந்துவிடுகின்றன. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

“ஸ்லைடைக் குடைந்தால் பின்னுதைப்பு எவ்வளவு குறையும்?” என்று கேட்டிருக்கிறாய். குறையாது என்பதுதான் என் பதில். குண்டு முன்னோக்கிக் கொண்டுபோகும் உந்தம் எவ்வளவோ, அவ்வளவு உந்தம் உன் கைக்கு வந்தே தீரும்; ஸ்லைடு கனமாக இருந்தாலும் லேசாக இருந்தாலும் அந்தக் கணக்கு மாறாது. நீ சுடும் 124 கிரெயின் குண்டு, அதாவது ஏறத்தாழ 8 கிராம், வினாடிக்கு 1050 அடி, அதாவது 320 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள். எடையையும் வேகத்தையும் (கிரெயினிலும் அடியிலும்) பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வரும் பவர் ஃபேக்டர் 130. மைனர் என்ற குறைந்த வலிமை வகைக்கு வேண்டிய 125-ஐத் தாண்டிவிட்டாய். மருந்து வாயுவின் பங்கை இப்போதைக்கு விட்டுவிட்டால், உந்தம் வினாடிக்குச் சுமார் 2.57 கிலோகிராம் மீட்டர் என்று வருகிறது. ஸ்லைடும் பீப்பாயும், அதாவது குழலும், சேர்ந்து 450 கிராம் இருந்தால் அவை வினாடிக்கு 5.7 மீட்டர் வேகத்தில் பின்னோக்கிக் கிளம்பும். ஸ்லைடில் 50 கிராமைக் குடைந்து எடுத்துவிட்டால் வேகம் 6.4 மீட்டராக ஏறும். உந்தம் அதேதான், ஆனால் இயக்க ஆற்றல் 7.3 ஜூலிலிருந்து 8.3 ஜூலுக்குப் போய்விடுகிறது. லேசான ஸ்லைடு அதிக ஆற்றலோடு ஓடுகிறது என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை.

அப்படியானால் பின்னால் போய் பிரேமில், அதாவது கைப்பிடியுள்ள கீழ்ச் சட்டத்தில், இடிக்கும் இடி கூடிவிடாதா என்று கேட்பாய். சிறிது தூரத்தில், பீப்பாயை ஸ்லைடோடு பிணைக்கும் பூட்டு விலகிப் பீப்பாய் நின்றுவிடுகிறது. அதற்குப் பின் ஸ்லைடு மட்டுமே ஓடுகிறது. ஹேமர் என்ற சுத்தியலை ஏற்றுவதும், ஸ்லைடைத் திரும்பத் தள்ளும் ஸ்பிரிங்கை அழுத்துவதும் அதன் ஆற்றலில் ஒரு பங்கைத் தின்கின்றன. பீப்பாய்க்கு 100 கிராம் கழித்து, ஹேமருக்கும் ஸ்பிரிங்குக்கும் சேர்த்து இரண்டேகால் ஜூல் போல ஒதுக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடைசியில் பிரேமில் இறங்கும் உந்தம் இரண்டு ஸ்லைடுகளுக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே வருகிறது. அதாவது பின்பயணத்தில் உனக்கு லாபமும் இல்லை, பெரிய நஷ்டமும் இல்லை. எல்லாம் சற்று வேகமாக நடந்து முடிகிறது, அவ்வளவுதான். ஒரு சிறு நஷ்டத்தைச் சொல்லவேண்டும்: துப்பாக்கியின் மொத்த எடையிலிருந்து 50 கிராம் போய்விட்டது. 1200 கிராம் துப்பாக்கியில் அது 4 சதவீதம். துப்பாக்கி கையில் பின்னோக்கி வரும் வேகத்தைத் தீர்மானிப்பது அந்த மொத்த எடை. ஸ்லைடில் எடுத்ததைப் பிரேமில் திருப்பிக் கொடு என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். ஸ்பிரிங்கைத் தாங்கும் டங்க்ஸ்டன் கைடு ராடு, பித்தளைக் கைப்பிடித் தகடு, எது விதிக்குள் அடங்குகிறதோ அது.

உண்மையான லாபம் முன்பயணத்தில் இருக்கிறது. ஸ்பிரிங் ஸ்லைடை முன்னால் தள்ளி, அடுத்த தோட்டாவை அறைக்குள் ஏற்றி, பூட்டில் வந்து நிற்கும்போது, ஸ்லைடு தன்னோடு கொண்டுவந்த உந்தத்தைத் துப்பாக்கிக்குக் கொடுத்துவிடுகிறது. அப்போது குழல் முனை கீழே குத்துகிறது. மேலே எகிறியதை நம் கை எப்படியோ பழகிக்கொள்கிறது; கீழே குத்துவதுதான், குறிபார்க்க உதவும் முன்குறி காட்சியில் வந்து நின்ற பிறகு மறுபடி தொலைவதற்குக் காரணம். உன் கைப்பேசியில் வினாடிக்கு 240 சட்டகம் எடுக்கும் வசதி இருக்குமே, பக்கவாட்டில் வைத்து எடுத்துப் பார். ஒரு சட்டகத்துக்கு 4 மில்லிவினாடி. ஸ்லைடு பின்னால் போவது இரண்டு மூன்று சட்டகங்களிலேயே முடிந்துவிடும். திரும்பி வருவதற்கு அதைப்போலப் பலமடங்கு சட்டகங்கள் ஆகும். அது மூடிய சட்டகத்தையும் அடுத்த இரண்டையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தால், முன்குறி இலக்குக் கோட்டுக்குக் கீழே இறங்கி மறுபடி ஏறுவது கண்ணுக்குத் தெரியும். எவ்வளவு இறங்குகிறது என்பதைத் திரையிலேயே ஒரு கோடு போட்டு அளந்துவிடலாம். ஸ்லைடு குடைவதற்கு நீ கொடுக்கப்போகும் பணம் இந்த இறக்கத்தைக் குறைப்பதற்காகத்தான்.

இதையும் சொல்லிவிடுகிறேன். வேகமாக இயங்கும் ஸ்லைடு இருந்தால் வேகமாகச் சுடலாம் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. ஸ்லைடு போய் வருவதற்கு வினாடியில் இருபதில் ஒரு பங்கு போல ஆகிறது. நல்ல ஆட்டக்காரர்களின் இரண்டு குண்டுகளுக்கு இடைவெளியே 0.15-லிருந்து 0.20 வினாடி. உன் விரல் ஸ்லைடுக்காகக் காத்திருப்பதில்லை, உன் கண் முன்குறிக்காகக் காத்திருக்கிறது.

இப்போது ஸ்பிரிங்குக்கு வருகிறேன், ஏனென்றால் முழு விஷயமும் இங்கேதான் கிடக்கிறது. ஸ்லைடு மூடும்போது கொண்டுவரும் உந்தம், அதன் நிறையையும் ஸ்பிரிங்கின் விசையையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வருவதற்கு நேர்விகிதத்தில் இருக்கும். 350 கிராம் ஸ்லைடு 300 கிராம் ஆனால் இந்த உந்தம் 7 சதவீதம் போலக் குறைகிறது. ஸ்லைடைத் தொடாமல், ஸ்பிரிங்கின் விசையை மட்டும் ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் 10 சதவீதத்துக்கு மேல் குறைகிறது. செலவு ஒரு ஸ்பிரிங்கின் விலை. பிடிக்கவில்லை என்றால் பழையதை மாட்டிக்கொள்ளலாம். குடைந்த இரும்பை யாரும் திரும்ப ஒட்டித்தர மாட்டார்கள்.

ஆனால் மெலிந்த ஸ்பிரிங்கோடு கனமான ஸ்லைடு இருந்தால் அது சோம்பேறித்தனமாகத் திரும்பும். கொஞ்சம் அழுக்குச் சேர்ந்தாலே கடைசி ஒரு மில்லிமீட்டர் மூடாமல் நின்றுவிடும். திரும்பும் நேரம், நிறையை விசையால் வகுத்து எடுக்கும் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆகவே நிறையையும் விசையையும் சேர்ந்தாற்போல் குறைத்தால் என்ன ஆகிறது என்று பார்: 350-ஐ 300 ஆக்கி, ஸ்பிரிங்கையும் ஐந்தில் ஒரு பங்கு மெலிதாக்கினால், திரும்பும் நேரம் கிட்டத்தட்ட பழையபடியே இருக்கிறது, மூடும்போது வரும் குத்தோ 17 சதவீதம் குறைகிறது. ஸ்லைடைக் குடைவதற்கு நான் ஒப்புக்கொள்ளும் நியாயம் இது ஒன்றுதான். மெலிந்த ஸ்பிரிங்கைச் சோம்பலில்லாமல் வேலை செய்ய வைக்கும் வழியாக அதைப் பார். ஸ்பிரிங்கை மாற்றாமல் ஸ்லைடை மட்டும் குடைந்துவிட்டு, வித்தியாசமே தெரியவில்லை என்று புலம்புபவர்களை நான் ரேஞ்சில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

தொழிற்சாலைகளுக்கும் இந்தக் கணக்கு தெரியும். கிளாக் 34-இன் ஸ்லைடு, கிளாக் 17-இன் ஸ்லைடைவிட நீளம். அந்தக் கூடுதல் நீளத்தின் எடையை ஈடுகட்டத்தான் அதன் மேற்பகுதியில் பெரிய திறப்பை வெட்டியிருக்கிறார்கள். மாறாக, 1911 பிஸ்டலின் முழு அளவு வடிவத்துக்கு 16 பவுண்டு ஸ்பிரிங் வழக்கம் என்றால், ஸ்லைடு குட்டையாகவும் லேசாகவும் ஆன கமாண்டர் வடிவத்துக்கு 18 பவுண்டு போடுகிறார்கள். ஸ்லைடின் வேகத்தைக் கட்ட வேண்டுமே. செக்கோஸ்லோவாக்கியாவின் சிஇசட் 75-இல் ஸ்லைடு பிரேமுக்கு உள்ளே ஓடுவதால், அது பிறவியிலேயே ஒல்லியானது. குழல் முனையில் வாயுவைத் திருப்பிவிடும் காம்பன்சேட்டர் பொருத்திய ஓப்பன் பிரிவுத் துப்பாக்கிகளில் ஏன் அவ்வளவு குடைகிறார்கள் என்றும் கேட்டிருந்தாய். காம்பன்சேட்டர் பீப்பாயின் எடையைக் கூட்டுகிறது. மோதும் வாயு அதை முன்னால் இழுக்கவும் செய்கிறது. இரண்டும் சேர்ந்து ஸ்லைடுக்குப் போய்ச் சேரும் வேகத்தைக் குறைக்கின்றன. அதைச் சரிக்கட்ட அவர்களுக்கு லேசான ஸ்லைடு தேவைப்படுகிறது. உனக்கு அந்தத் தேவை இல்லை, ஆகவே அவர்களைப் பார்த்து அளவெடுக்காதே.

எல்லை மீறினால் என்ன நடக்கும் என்பதையும் சொல்லவேண்டும். குண்டு குழலை விட்டு வெளியேறும் நேரத்தில் ஸ்லைடும் பீப்பாயும் பூட்டிய நிலையிலேயே இரண்டு மில்லிமீட்டர் போல நகர்ந்திருக்கும். எடை குறையக் குறைய அந்த நகர்வு கூடும். பூட்டு விலகும் கணத்துக்கும் அறையில் அழுத்தம் தணியும் கணத்துக்கும் உள்ள இடைவெளி சுருங்கும். அடுத்ததாக, தோட்டாக்கள் அடுக்கியிருக்கும் மேகசின். அதன் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை மேலே தூக்கி முடிப்பதற்குள் ஸ்லைடு திரும்பி வந்துவிட்டால், தோட்டாவின் அடிவிளிம்பைப் பிடிப்பதற்குப் பதிலாக நடுவயிற்றில் போய் முட்டும், அல்லது ஒன்றுமே ஏற்றாமல் மூடிக்கொள்ளும். மேகசின் காலியான பின்னும் ஸ்லைடு திறந்து நிற்காமல் போவது இதன் முதல் அறிகுறி. காலித் தோட்டாக்களைப் பொறுக்கிப் பார்க்கும் பழக்கம் உனக்கு உண்டு. அவற்றின் வாய் ஒரே இடத்தில் நசுங்கியிருந்தாலோ, விளிம்பை எக்ஸ்ட்ராக்டர் என்ற இழுகொக்கி கிழித்த தடம் இருந்தாலோ, அடியிலுள்ள பிரைமரில் ஃபயரிங் பின் ஊசி விட்ட குழியிலிருந்து ஒரு கீறல் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போயிருந்தாலோ, ஸ்லைடு மிஞ்சிய வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

எங்கே வெட்டுவது என்பதில் நான் கறாரானவன். உன்னுடைய பிஸ்டல் 1911 வழி வந்தது. காலித் தோட்டா வெளியேறும் திறப்புக்குச் சற்று முன்னால், ஸ்லைடின் உள்கூரையில்தான் பீப்பாயின் பூட்டுப் பற்கள் கவ்வும் பள்ளங்கள் இருக்கின்றன. அந்தப் பகுதியை வெளியிலிருந்து தொடவே கூடாது. வெளியேற்றும் திறப்பின் மூலைகள், ஸ்லைடு ஓடும் தண்டவாளங்கள், ஃபயரிங் பின் ஓடும் பகுதியின் சுவர்கள், ஸ்பிரிங்கின் முன்முனை அழுத்தும் கீழ்வளையம் எல்லாம் அதே கணக்கில்தான். மிஞ்சுவது முன்பகுதியின் பக்கச் சுவர்களும், பின்புறம் சிறிது மேற்பரப்பும். முன்பகுதியில் எடுத்தால் முனை இலக்குக்கு இலக்கு சட்டென்று திரும்பும். ஆனால் தொலைவில் நிதானமாகச் சுடும்போது நிலையாக நிற்காது. உன் ஆட்டத்தில் தொலைவுச் சுடுதல்தான் பலம் என்பதால், முன்னால் அதிகம் எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஜன்னல் வடிவில் ஊடுருவி வெட்டுவது பார்வைக்கு அழகு. ஆனால் அந்த வழியாகப் புழுதியும் கரியும் உள்ளே வரும். ஊடுருவாமல் சுவரை மெலிதாக்கிச் செதுக்குவதே எனக்குப் பிடித்தது. எப்படி வெட்டினாலும் உள்மூலைகள் வளைவாக இருக்க வேண்டும். கூர்மையான மூலையிலிருந்துதான் விரிசல் பிறக்கிறது.

விரிசல் என்றால் என்ன என்பதற்கு 1980-களின் பிற்பகுதியில் அமெரிக்கப் படைகளில் பெரெட்டா பிஸ்டல்களுக்கு நடந்ததை நினைத்துக்கொள். பூட்டுப் பகுதியில் ஸ்லைடு இரண்டாக ஒடிந்து, பின்துண்டு சுட்டவரின் முகத்தில் வந்து பட்டது. அதற்குப் பிறகுதான் ஒடிந்த ஸ்லைடு பின்னால் பறக்காமல் பிடித்துக்கொள்ளும்படி ஹேமர் முளையின் தலையைப் பெரிதாக்கினார்கள். அங்கே யாரும் ஸ்லைடைக் குடையக்கூட இல்லை. ஆகவே இந்த வேலையைத் துப்பாக்கி வேலைக்கென்று உரிமம் பெற்ற, கடினமாக்கிய எஃகை வெட்டித் தெரிந்த ஒருவரிடம் மட்டுமே கொடு. பல நாடுகளில் ஸ்லைடே உரிமத்துக்குள் வரும் பாகம் என்பதால் அனுப்புவதற்கும் முறை இருக்கும், கேட்டுக்கொள். வெட்டிய பிறகு மேற்பூச்சு மறுபடி போடவேண்டும், விரிசலைக் காட்டும் காந்தத் துகள் சோதனையும் கேட்டு வாங்கு. விதிப்புத்தகத்தின் நடப்புப் பதிப்பை ஒருமுறை புரட்டிவிடு. வாங்கிய ஆண்டின் பதிப்பை நம்பாதே.

இப்போதைக்கு ஸ்லைடை எங்கும் அனுப்பாமல், அதை மட்டும் தனியாகக் கழற்றி எடைபோட்டு எழுதி வை. இரண்டு பவுண்டு குறைவான ஒரு ஸ்பிரிங்கும், நான்கு பவுண்டு குறைவான ஒன்றும் வாங்கு. உன் வழக்கமான தோட்டாவோடு மூன்று ஸ்பிரிங்குகளையும் மாற்றி மாற்றிப் போட்டு, கைப்பேசியில் எடுத்த காட்சிகளை எனக்கு அனுப்பு. மெலிந்ததைப் போட்டபோது குத்து குறைந்து, ஆனால் ஸ்லைடு தயங்கித் தயங்கி மூடுவதாகத் தெரிந்தால், எத்தனை கிராம் எடுக்கலாம் என்று சேர்ந்தே கணக்குப் போடுவோம். நடு ஸ்பிரிங்கிலேயே முன்குறி கோட்டில் வந்து நின்றுவிட்டால், அந்தப் பணத்தில் தோட்டா வாங்கு.

காட்சிகளுக்குக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்