கூச்சப்படாமல் கேள், கண்ணு

அன்புள்ள கண்ணு,

அப்பாவும் நானும் சௌக்கியம். கூடுதல் நேரம் வேலை பார்த்ததற்கு இன்னும் சம்பளம் வரவில்லை, வாய்விட்டுக் கேட்டால் 'காசுக்கு அலைகிறவன்' என்று நினைத்துவிடுவார்களோ என்று எழுதியிருந்தாய். ஹடர்ஸ்பீல்டில் இருந்துகொண்டா இப்படிக் கூச்சப்படுவது?

உங்கள் ரயில் நிலையச் சதுக்கத்தில் ஜார்ஜ் ஹோட்டல் இருக்கிறதே, அங்கேதான் 1895 ஆகஸ்ட் 29 அன்று வடக்கு இங்கிலாந்தின் ரக்பி கிளப்புகள் (நீள்வட்டப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம் அது) கூடித் தனியாகப் பிரிந்தன. சண்டையே கூலிக்குத்தான். சனிக்கிழமை ஆட வந்தால் சுரங்கத் தொழிலாளிக்கும் மில் தொழிலாளிக்கும் அன்றைய சம்பளம் போய்விடும். அதை ஈடுகட்டச் சொன்னார்கள். ரக்பி சங்கத்துப் பெரிய மனிதர்கள் மறுத்துவிட்டார்கள். காசு வாங்கினால் ஆட்டத்தின் மேல் பற்று போய்விடுமாம்! வசதி இருக்கிறவர்கள் பேசுகிற பேச்சு. படிக்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்படிப் பிரிந்ததுதான் ரக்பி லீக் என்கிற தனி ஆட்டம். அதில் பேர்போன ஆட்டக்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஹாரால்ட் வாக்ஸ்டாஃப் உன் ஊருக்குப் பக்கத்து ஹோம்ஃபர்த் பையன். 1906-ல் ஐந்து தங்க சவரன் கொடுத்து ஹடர்ஸ்பீல்டு கிளப் சேர்த்துக்கொண்டபோது வயது 15. பதினேழிலேயே இங்கிலாந்துக்கு ஆடினார். 23 வயதில் பிரிட்டிஷ் அணிக்குக் கேப்டனாக ஆஸ்திரேலியா போனார்.

1914 ஜூலை 4, சிட்னி. எட்டே நாளில் மூன்றாவது டெஸ்ட்; அதுவரை ஆளுக்கொரு வெற்றி. அந்தக் காலத்தில் மாற்று ஆட்டக்காரர் கிடையாது. வாக்ஸ்டாஃப் அணியில் ஒருவருக்குக் காலில் அடி, இன்னொருவருக்குத் தலையில் அடி. டக்ளஸ் கிளார்க் கட்டைவிரல் உடைந்தும் கட்டுப் போட்டுக்கொண்டு ஆடினார். பிறகு காறை எலும்பும் முறிந்தது. அப்போதும் திரும்ப இறங்கப் பார்த்தார், முடியவில்லை. பதின்மூன்று பேர் ஆட வேண்டிய களத்தில் ஒரு கட்டத்தில் பத்தே பேர். அந்த நிலையில் வாக்ஸ்டாஃப் எதிரணியைப் பிளந்துகொண்டு ஓடி, சிக் ஜான்சனுக்குப் பந்தைக் கொடுத்தார். ஜான்சன் முன்வரிசையில் முட்டி மோதுகிற ஆள். ஆள் பற்றாததால் அன்று களத்தின் ஓரத்தில் ஓடி ஆடுகிறவரின் இடத்தில் நின்றவர். பந்தைக் காலாலேயே தட்டித் தட்டி எல்லைக் கோடு வரை கொண்டுபோய், கோட்டுக்கு அப்பால் தரையில் பந்தை ஊன்றிப் புள்ளி எடுத்தார்; அதைத்தான் 'ட்ரை' என்பார்கள். 14-6, ஜெயித்தார்கள். காசு வாங்கியவர்களுக்குப் பற்று இல்லையா, நீயே சொல்.

வாக்ஸ்டாஃப் 48 வயதிலேயே போய்விட்டார் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

நீ எத்தனை மணி நேரம் கூடுதலாக நின்றாய் என்று தேதி போட்டு ஒரு தாளில் எழுதி எடுத்துப் போ. மரியாதையாக, நேராகக் கேள். என்ன சொன்னார்கள் என்று அன்றைக்கே எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா