எஞ்சின் ஆறட்டும், தம்பி

தம்பி,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்பைவிடப் பரவாயில்லை. சரசு அத்தை விஷயம் அப்படியே கிடக்கிறது, அதை நேரில் பேசிக்கொள்ளலாம். போனில் பேசினால் இரண்டு நிமிடத்தில் ‘சரிப்பா, வைக்கிறேன்’ என்கிறாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். வண்டி விஷயம்.

போன வாரம் நீ பேசும்போது பின்னால் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. டக் டக் டக் என்று ஒரு சத்தம். புதன்கிழமையும் கேட்டது, மதியம் 3 மணி இருக்கும், ஏதோ வெளிவேலையாகப் போயிருப்பாய். சனிக்கிழமை ராத்திரி 11 மணிக்கும் அதே சத்தம். 2005-இல் வாங்கிய வண்டி, நான் ஏழு வருஷம் மில்லுக்கு ஓட்டியது, அதன் சத்தம் எனக்குத் தெரியாதா? சைலன்சர் பெண்ட் பைப் எஞ்சின் ஹெட்டில் போய்ச் சேருகிற இடத்தில் பேக்கிங், அதாவது புகை கசியாமல் நடுவில் வைக்கிற வளையம், போயிருக்கிறது. அங்கேதான் புகை கசிகிறது.

யாரிடமாவது காட்டினால் டேப்பெட் சத்தம், வால்வைத் தள்ளுகிற இடத்தில் இடைவெளி கூடிவிட்டது என்பார்கள். நம்பிவிடாதே. இரண்டும் கேட்க ஒரே மாதிரி இருக்கும். டேப்பெட் என்று நினைத்து இறுக்கிவிட்டால் வால்வு சரியாக மூடாமல் கருகிப்போகும், செலவு எங்கேயோ போய்விடும். காலையில் குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்து பார். பேக்கிங் போயிருந்தால் குளிரில்தான் சத்தம் அதிகம், பைப் சூடாகி விரிந்ததும் கொஞ்சம் அடங்கும், ஆக்சிலேட்டரை முறுக்கினால் மறுபடி கூடும். ஹெட்டுக்குக் கீழே பைப் நுழைகிற இடத்தைச் சுற்றிக் கரி படிந்திருக்கும். இன்னும் சந்தேகமாக இருந்தால் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி அந்த இணைப்புப் பக்கம் காட்டு, கசிவு இருந்தால் ஊதுபத்திப் புகை விலகி ஓடும். பெட்ரோல் ஒழுகல் இல்லை என்று பார்த்த பிறகு காட்டு. ஆக்சிலேட்டரை விட்டதும் சைலன்சரில் பட் பட் என்று வெடிக்கிறதா? அதுவும் இதனால்தான். இடைவெளி வழியாக வெளிக்காற்று உள்ளே போய், எரியாமல் மிச்சம் இருக்கிற பெட்ரோல் சைலன்சருக்குள் எரிகிறது.

தலை வலிக்கிறது என்று அம்மாவிடம் சொன்னாயாமே. என்னிடம் சொல்லவில்லை. அந்தப் புகை உன் வலது காலடியில் இருந்து நேராக மேலே ஏறுகிறது, சிக்னலில் நிற்கும்போது முகத்துக்குத்தான் வரும். அதில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. நாள் முழுக்க வண்டியிலேயே இருக்கிறவனுக்கு அது பெரிய கெடுதல். ஆபீஸுக்குப் போய்விட்டு வருகிறவனுக்கு அவ்வளவு இல்லை என்றாலும் கெடுதல் கெடுதல்தான். உன் அறைக்குக் கீழே ஷட்டர் போட்ட இடத்தில் வண்டி நிற்கிறது என்றாயே, அங்கே ஷட்டரை மூடிக்கொண்டு ஸ்டார்ட் செய்து பார்க்காதே. வெளியே தள்ளிக்கொண்டு வந்து பார்.

வேலை ஒன்றும் பெரிது இல்லை. ஒரு மணி நேரம்தான். ஆனால் எஞ்சின் நன்றாக ஆறட்டும். ஓட்டிவிட்டு வந்த உடனே கை வைக்காதே, கையும் வெந்துபோகும், சூட்டில் நட்டைத் திருப்பினால் அலுமினிய ஹெட்டில் மரையும் போகும். முதல் நாள் ராத்திரி ஆறிய வண்டியில் பைப்பை ஹெட்டோடு பிடித்திருக்கிற இரண்டு நட்டின் மேலும் டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடித்து விட்டுவிடு, இல்லையென்றால் கொஞ்சம் டீசலாவது விடு. இத்தனை வருஷத் துரு, ஒரே பிடியில் வராது. காலையில் 10-ஆம் நம்பர் ரிங் ஸ்பேனர் போடு, ஓப்பன் ஸ்பேனர் போடாதே, முனை மழுங்கிவிடும். கொஞ்சம் கழற்று, கொஞ்சம் திரும்ப முறுக்கு, மறுபடி கழற்று. அவசரப்படாதே.

சைலன்சரின் பின்பக்க போல்ட்டையும் தளர்த்தினால்தான் பைப் கீழே இறங்கும். அதைக் கையில் தாங்கிப் பிடி, தொங்க விடாதே. அந்த நட்டுகள் பிடிக்கிற பிளேட்டுக்குள் இரண்டு அரைவட்டத் துண்டு இருந்தால் கீழே விழுந்து உருளும், ஒரு துணியை விரித்துக்கொள். பழைய பேக்கிங் ஹெட்டுக்குள் ஒட்டிக்கொண்டு ஹெட்டோடு ஹெட்டாகத் தெரியும், அதை எடுக்காமல் மேலேயே புதிதைப் போடுகிறவர்கள் உண்டு, அதனால்தான் மாசத்தில் மறுபடி கசிகிறது. சின்ன ஸ்குரூடிரைவரால் மெதுவாக நெம்பி எடு, அலுமினியத்தில் கீறல் விழக்கூடாது. கரியைத் துணியால் துடை. புதுப் பேக்கிங் ஸ்பேர் கடையில் வண்டி பெயர் சொன்னால் தருவார்கள், சொற்பக் காசுதான். லேசாக கிரீஸ் தடவி உள்ளே வை, கீழே விழாமல் நிற்கும். எம்-சீல் வைத்து அடைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே, அந்தச் சூட்டுக்கு அது நிற்காது.

பணம் அனுப்பாதே. இதை எத்தனை தடவை சொல்வது? முன்பு 1-ஆம் தேதி மொத்தமாக வரும், இப்போது வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது, போன வாரம் 1,400 வந்தது. அம்மா அதை எடுக்காமல் வைத்திருக்கிறாள். எங்களுக்கு இங்கே என்ன செலவு? பென்ஷன் கொஞ்சம் வருகிறது, வீட்டரிசி இருக்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, நல்ல ரெயின்கோட் ஒன்று வாங்கு, மழைக்காலம். அப்புறம் அந்தப் பேக்கிங்கை வாங்கு.

பெரியப்பா வீட்டுக் கல்யாணத்தில் எல்லோரும் உன்னைத்தான் கேட்டார்கள். நம் தெருவில் முதல் இன்ஜினியர் நீதானே. நல்லா இருக்கிறான், வேலை அதிகம், லீவு கிடைக்கவில்லை என்று சொன்னேன். சொல்லும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனாலும் தம்பி, தீபாவளிக்கு வந்தவன் ஒரே ஒரு ராத்திரி தங்கிவிட்டு மறுநாளே பொதிகை ரயில் பிடித்துப் போனது சரியில்லை. அம்மா அதிரசத்துக்கு மாவு கிளறி வைத்திருந்தாள்.

சரி, மாட்டுகிற விதம். இதுதான் முக்கியம். பைப்பை உட்கார வைத்து முதலில் இரண்டு நட்டையும் கையால் மட்டும் போடு. பின்பக்க போல்ட்டைச் சும்மா மாட்டி வை, இறுக்காதே. அப்புறம் ஹெட்டில் இந்தப் பக்கம் கால் சுற்று, அந்தப் பக்கம் கால் சுற்று என்று மாறி மாறி முறுக்கு. ஒரு பக்கத்தை முழுசாக முறுக்கிவிட்டு மறு பக்கம் போனால் பிளேட் சாய்ந்து உட்காரும், பேக்கிங் ஒரு பக்கம்தான் நசுங்கும். பின் போல்ட்டைக் கடைசியில் இறுக்கு. அதை முதலில் இறுக்கிவிட்டால் பைப் இழுத்துக்கொண்டு நிற்கும், பாரமெல்லாம் ஹெட்டில் நட்டு ஏறுகிற மரைக் கம்பிக்கு, அந்த ஸ்டட்டுக்குத்தான். மாறி மாறி, மறந்துவிடாதே. கைக்கு இறுக்கம் தெரிந்ததும் நிறுத்து. அது 6 மில்லிமீட்டர் ஸ்டட், மேலே முறுக்கினால் முறிந்துவிடும்.

அது எனக்கு எப்படித் தெரியும் என்று உனக்குத் தெரியாது.

2012-இல் நீ ஒன்பதாவது. கரண்ட் இல்லாத சாயங்காலம், வாசலில் இதே வேலையைத்தான் செய்தாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தேன், நீ சரியாகத்தான் மாட்டினாய், இரண்டு நட்டையும் மாறி மாறி. கை கழுவ உள்ளே போனாய். சின்னப் பையன் முறுக்கு போதாது என்று நான் ஸ்பேனரில் ஒரு குழாயைச் சொருகி இன்னும் அரைச் சுற்று கொடுத்தேன். டப்பென்று போனது. நீ திரும்பி வந்ததும் ‘என்னடா இப்படி முறுக்கி வைத்திருக்கிறாய்’ என்று தெருவே பார்க்க உன் கன்னத்தில் அடித்தேன். ‘படிக்கிற பிள்ளைக்கு ஸ்பேனர் எதற்கு’ என்று பிடுங்கி வைத்தேன். நீ ஒரு வார்த்தை பேசவில்லை. லேத் பட்டறையில் உடைந்த துண்டின் மேல் நட்டை வெல்டிங் வைத்துத் திருப்பி எடுக்க 350 ரூபாய் ஆனது, அதையும் உன்னிடம் சொல்லிக் காட்டினேன். அதற்கப்புறம் காலேஜ் முடிகிற வரைக்கும் நீ அந்த வண்டியில் கையே வைக்கவில்லை.

அந்த ஸ்டட்டை உடைத்தது நான்.

அந்த வாரம்தான் மில்லில் எங்கள் ஷிப்ட்டை நிறுத்தினார்கள். மின்வெட்டில் பாதி நேரம் மிஷின் ஓடாமல் நின்றது, ஆள் வேண்டாம் என்றுவிட்டார்கள். வீட்டில் நான் சொல்லவில்லை. காலை ஷிப்ட்டுக்குக் கிளம்புவது போலக் கிளம்பி, அய்யனார் கோயில் ஆற்றுக்குப் போய்ப் பாறையில் உட்கார்ந்திருந்துவிட்டு, கொண்டுபோன சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, ஷிப்ட் முடிகிற நேரத்துக்குத் திரும்புவேன். 40 நாள். ஒரு நாள் அம்மா தூக்குவாளியைக் கையில் கொடுக்கும்போது ‘ஆத்துல தண்ணி வருதா?’ என்று கேட்டாள். அவளுக்குப் பத்தாம் நாளே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் மீதி நாளெல்லாம் சோறு கட்டிக் கொடுத்திருக்கிறாள். அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய். உன்னிடமும் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், ஸ்டட் விஷயத்தையாவது. சொல்லாமல் விட்டேன்.

பார்சலில் அம்மா முறுக்கும் பருப்புப் பொடியும் வைத்திருக்கிறாள். அடியில் துணி சுற்றி உன் ரிங் ஸ்பேனர் இருக்கிறது, அன்றைக்குப் பிடுங்கியது. துரு எடுத்து எண்ணெய் போட்டிருக்கிறேன்.

மாட்டி முடித்து ஒரு தடவை ஓட்டிச் சூடாக்கி, ஆற விட்டு, இரண்டு நட்டையும் இன்னொரு தடவை பார், புதுப் பேக்கிங் நசுங்கி உட்காரும், லேசாகத் தளர்ந்திருக்கும். ஆறிய பிறகு. அப்புறம் வண்டியை ஸ்டார்ட் செய்து எனக்குப் போன் போட்டு, போனை எஞ்சின் பக்கம் காட்டு. சத்தம் நின்றதா என்று கேட்டுச் சொல்கிறேன். பகலில் எந்த நேரமாக இருந்தாலும் கூப்பிடு.

அப்பா