புரோபயாடிக்னு மட்டும் எழுதினா போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ஞாயித்துக்கிழமை இணைப்புல குடல் ஆரோக்கியம் பத்தி முழுப்பக்கம் போட்டிருந்தீங்க, படிச்சேன். எழுதினவங்க நல்ல எண்ணத்துலதான் எழுதியிருக்காங்க, அதுல சந்தேகமில்ல, ஆனா பக்கம் பூரா "புரோபயாடிக் எடுத்துக்கோங்க, புரோபயாடிக் எடுத்துக்கோங்க"ன்னு இருக்கே தவிர எந்த புரோபயாடிக், எவ்வளவு, எத்தனை நாளு, என்ன பிரச்சனைக்குன்னு ஒரு வரி கூட இல்ல. நான் மருந்துக்கடை கவுன்டர்ல நிக்கிற ஆளு சார். இந்த மாதிரி ஒரு பக்கம் வந்தா மறுநாளே பேப்பரை மடிச்சு கையில வெச்சுக்கிட்டு "இதுல போட்டிருக்கறது குடுங்க"ன்னு வருவாங்க. எதுக்குன்னு கேட்டா "வயித்துக்கு"ம்பாங்க. வயித்துக்குன்னா என்ன, கேஸா, மலச்சிக்கலா, குழந்தைக்கு பேதியா, ஆன்டிபயாடிக் சாப்பிட்டதால வந்த வயித்துப்போக்கா? உங்க பக்கத்தைப் படிச்சவங்களுக்கு எல்லாத்துக்கும் ஒரே டப்பாதான்.

2001லயே ஐநாவோட உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் கூப்பிட்ட நிபுணர் குழு புரோபயாடிக்னா என்னன்னு ஒரு வரையறை குடுத்திருக்கு. நுண்ணுயிரி உயிரோட இருக்கணும், போதுமான அளவுல உள்ள போகணும், போனதால எடுத்துக்கிட்டவங்க உடம்புக்கு நல்லது நடக்கணும். மூணும் சேர்ந்தாத்தான் புரோபயாடிக். அந்த மூணாவது கண்டிஷனை யாரும் கண்டுக்கறதே இல்ல. நல்லது நடந்துச்சான்னு ஒரே இனத்துக்குள்ள இருக்கற ஒவ்வொரு ரகத்துக்கும் (ஸ்ட்ரெய்ன்) தனித்தனியா சோதிச்சுப் பாக்கணும், ஒரு ரகத்துக்கு வந்த ரிசல்ட்டை எடுத்து இன்னொரு ரகத்து டப்பா மேல ஒட்டக்கூடாது.

ரகம் எவ்வளவு முக்கியம்னு சொல்ல, குடல்ல வாழற ஈ.கோலைங்கற பாக்டீரியாவை விட நல்ல உதாரணம் கிடையாது. முதல் உலகப்போர் நேரத்துல, சுத்தி இருந்தவங்களுக்கெல்லாம் சீதபேதி வந்து ஒரு சிப்பாய்க்கு மட்டும் வரல. அந்த ஆளோட மலத்துல இருந்து ஆல்ஃபிரட் நிஸ்லேங்கற ஜெர்மன் டாக்டர் 1917ல ஒரு ஈ.கோலை ரகத்தைப் பிரிச்சு எடுத்தாரு. அது இன்னைக்கும் ஜெர்மனில மருந்தா விக்குது. அதே ஈ.கோலைல ஓ157:ஹெச்7னு இன்னொரு ரகம் இருக்கு, அது உள்ள போச்சுன்னா ரத்தபேதி, சில பேருக்கு, குறிப்பா சின்னக் குழந்தைங்களுக்கு, கிட்னியே போயிடும். ரெண்டும் ஒரே இனம்! "ஈ.கோலை வயித்துக்கு நல்லது"ன்னு நாளைக்கு நீங்க தலைப்பு போட்டா ஊரே சிரிக்கும், ஆனா "லாக்டோபேசிலஸ் வயித்துக்கு நல்லது"ன்னு போட்டா எல்லாரும் தலையாட்டிடறோம். இத்தனைக்கும் லாக்டோபேசிலஸ்ங்கற அந்த ஒரு பாக்டீரியா கூட்டத்துக்குள்ள இருக்கறதெல்லாம் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாம இருக்குன்னு 2020ல அதை 25 பேரினமா பிரிச்சுட்டாங்க. (இதனால எங்க பாடுதான் திண்டாட்டம், ஒரே பாக்டீரியா ஒரு டப்பால பழைய பேர்ல இருக்கு, இன்னொண்ணுல புதுப் பேர்ல இருக்கு, வாங்க வர்றவங்க ரெண்டும் வேற வேறன்னு நினைச்சு ரெண்டையும் கேக்கறாங்க.)

அப்புறம் அந்த கட்டம் கட்டின செய்தி, "நோபல் பரிசு வாங்கிய விஞ்ஞானி தயிர் ஆயுளைக் கூட்டும் என்று நிரூபித்தார்"னு. அது மெச்னிகாஃப் பத்தினது, பாரிஸ் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்ல இருந்தவரு. அவருக்கு 1908ல நோபல் கிடைச்சது வாஸ்தவம், ஆனா அது நோய் எதிர்ப்பு சக்தி எப்படி வேலை செய்யுதுன்னு கண்டுபிடிச்சதுக்கு, பால் எர்லிஷ் கூட சேர்ந்து. தயிருக்கு இல்ல. பல்கேரியா கிராமத்து ஜனங்க புளிச்ச பால் குடிச்சுட்டு ரொம்ப நாள் வாழறாங்க, அதுல இருக்கற பாக்டீரியாதான் காரணமா இருக்கும்னு அவர் யூகிச்சாரு, அவ்வளவுதான். அந்த பாக்டீரியாவை 1905ல மைக்ராஸ்கோப்ல பாத்து சொன்னது ஸ்டாமென் கிரிகோரோவ்னு ஒரு பல்கேரிய மருத்துவ மாணவர். அது மனுஷக் குடல்ல தங்கறதில்லைன்னு பின்னால தெரிஞ்சுபோச்சு. மெச்னிகாஃப் தானும் புளிச்ச பால் குடிச்சவருதான், 71 வயசுல காலமானாரு. அவரைக் குறைச்சு சொல்லல, குடல் பாக்டீரியாவுக்கும் உடம்புக்கும் சம்பந்தம் இருக்குன்னு அதிகம் பேர் யோசிக்காத காலத்துல யோசிச்ச மனுஷன், ஆனா "நிரூபித்தார்"ங்கறது ரொம்ப அதிகம்.

அதே மாதிரி "மனித செல்களை விட பாக்டீரியா 10 மடங்கு, எடை 2 கிலோ"ங்கறதும் பழைய கணக்கு. 2016ல உக்காந்து ஒழுங்கா கணக்குப் போட்டுப் பாத்ததுல பாக்டீரியா சுமார் 38 லட்சம் கோடி, நம்ம செல்லு சுமார் 30 லட்சம் கோடின்னு வந்துச்சு. கிட்டத்தட்ட சரிக்கு சரி. எடை 200 கிராம்தான்.

இப்ப விஷயத்துக்கு வரேன். மாத்திரையே வேஸ்ட்னு சொல்ல வரல சார். சில இடத்துல வேலை செய்யுது. ஆன்டிபயாடிக் சாப்பிடறப்போ வர்ற வயித்துப்போக்கைத் தடுக்கறதுல சில ரகங்களுக்கு ஓரளவு ஆதாரம் இருக்கு. அதுல சாக்கரோமைசஸ் பவுலார்டிங்கறது பாக்டீரியாவே இல்ல, ஈஸ்ட், அதனால ஆன்டிபயாடிக் அதை ஒண்ணும் பண்ணாது. 2017ல ஒடிசா கிராமங்கள்ல நாலாயிரத்து ஐநூறுக்கு மேல பச்சக் குழந்தைங்களை வெச்சு ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு, லாக்டோபேசிலஸ் பிளான்டேரம்ங்கற பாக்டீரியாவோட ஒரு குறிப்பிட்ட ரகத்தோட அதுக்குத் தீனியா ஒரு வகை சர்க்கரையும் சேர்த்து ஒரு வாரம் குடுத்ததுல, ரத்தத்துல கிருமி பரவறதும் இறப்பும் சேர்த்துப் பாத்தா 9 சதவீதத்துல இருந்து 5.4க்கு இறங்குச்சு. சாதாரண விஷயமா அது? ஆனா அது ஒரு ரகம், ஒரு டோஸ், குறைஞ்சது 35 வாரம் ஆகி, 2 கிலோவுக்குக் குறையாம பொறந்த குழந்தைங்க. அதைக் காட்டி 45 வயசுக்காரருக்கு கேஸுக்கு கேப்ஸ்யூல் விக்க முடியாது.

வேலை செய்யாத இடமும் இருக்கு, அதையும் சொல்லணும்ல. குழந்தைங்களுக்கு வர்ற பேதிக்கு புரோபயாடிக் சாஷே குடுத்தா சீக்கிரம் நிக்குமான்னு அமெரிக்காலயும் கனடாலயும் ரெண்டு ஆய்வு 2018ல வெளியாச்சு, ரெண்டும் சேர்த்து 1,800க்கு மேல குழந்தைங்க, குடுத்தவங்களுக்கும் குடுக்காதவங்களுக்கும் வித்தியாசமே இல்ல. இதை ஏன் அழுத்தி சொல்றேன்னா, கவுன்டர்ல தினம் பாக்கற விஷயம் இது, கையில இருக்கற காசுக்கு சாஷே வாங்கிட்டு ஓஆர்எஸ் பாக்கெட்டை "அது வெறும் உப்புத்தண்ணிதானே"ன்னு விட்டுட்டுப் போறவங்க இருக்காங்க. பேதி வந்த குழந்தையைக் காப்பாத்தறது அந்த உப்புத்தண்ணிதான், கூட ஜிங்க். உங்க பக்கத்துல சாஷே பத்தி ஒரு பத்தி முழுக்க இருக்கு, ஓஆர்எஸ்னு ஒரு வார்த்தை கூட இல்ல.

2020ல அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவர் சங்கம் எல்லா ஆய்வையும் அலசிட்டு, குடல் எரிச்சல் நோய் (ஐபிஎஸ்), க்ரோன்ஸ், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்ங்கற குடல் அழற்சி நோய்ங்க, இதுக்கெல்லாம் ஆராய்ச்சிக்கு வெளிய புரோபயாடிக்கை சிபாரிசு பண்ற அளவுக்கு ஆதாரம் இல்லைன்னு சொல்லிட்டாங்க. ஆன்டிபயாடிக் கோர்ஸ் முடிஞ்சதும் குடலை "ரீசெட்" பண்ணணும்னு போட்டிருந்தீங்களே, 2018ல இஸ்ரேல்ல ஒரு சின்ன ஆய்வுல அப்படி பண்ணவங்களுக்குத்தான் சொந்த பாக்டீரியா திரும்பி வர்றதுக்கு, சும்மா விட்டவங்களை விட லேட்டாச்சு. சின்ன ஆய்வுதான், அதை வெச்சே முடிவு கட்ட முடியாது, ஆனா "கண்டிப்பாக எடுங்கள்"னு எழுதறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிக்க வைக்கும்.

பக்கவிளைவே கிடையாதுன்னும் ஒரு வரி இருந்துச்சு, அதைப் படிச்சுத்தான் லெட்டர் போடணும்னு உக்காந்தேன். நெதர்லாந்துல கணையம் மோசமா வீங்கி அட்மிட் ஆன நோயாளிங்களுக்கு புரோபயாடிக் குடுத்துப் பாத்த ஆய்வு 2008ல வந்துச்சு, குடுத்தவங்கள்ல 16 சதவீதம் பேர் இறந்துட்டாங்க, குடுக்காதவங்கள்ல 6 சதவீதம். குறைமாசத்துல பொறந்த குழந்தைங்களுக்கு இதைக் குடுக்கறது பத்தி அமெரிக்காவோட உணவு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2023ல எச்சரிக்கையே விட்டிருக்கு. நெஞ்சுல பெரிய ரத்தக்குழாய்க்கு டியூப் போட்டிருக்கறவங்களுக்கு அந்த பவுலார்டி ஈஸ்ட் ரத்தத்துல கலந்து இன்ஃபெக்ஷன் ஆன கேஸ்லாம் இருக்கு. ஆரோக்கியமா இருக்கறவங்களுக்கு பெருசா பயமில்ல, கொஞ்சம் கேஸ், வயித்து உப்புசம் வரும், அதோட சரி. ஆனா இந்த டப்பாவை ஆஸ்பத்திரில படுத்திருக்கறவங்களுக்கு வாங்கிட்டுப் போறவங்கதான் நிறைய.

லேபிளைப் பத்தியும் கொஞ்சம் எழுதுங்க சார். "5 பில்லியன் சிஎஃப்யூ"ன்னு (சிஎஃப்யூன்னா உயிரோட இருக்கற நுண்ணுயிரிங்க எண்ணிக்கை) பெருசா போட்டிருக்கும், கீழ பொடி எழுத்துல "தயாரிக்கும் நேரத்தில்"னு இருக்கும். தயாரிச்ச அன்னைக்கு 500 கோடி உயிரோட இருந்துச்சு சரி, வேன்ல வெயில்ல வந்து அலமாரில ஆறு மாசம் உக்காந்தப்புறம் எத்தனை இருக்கும்? எக்ஸ்பைரி தேதி வரைக்கும் இத்தனை இருக்கும்னு போட்டிருக்கறதைப் பாத்து வாங்கணும். ரகத்தோட முழுப் பேரு, கடைசில ஒரு எழுத்தோ நம்பரோ இருக்கும், எல்ஜிஜி, 299விங்கற மாதிரி, அது இல்லாத டப்பா என்ன ஆதாரத்துல விக்குதுன்னு யாராலயும் சொல்ல முடியாது.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம், எனக்கு இதுதான் புடிச்ச பகுதி, ஆனா உங்க பக்கத்துல இதுக்கு ஓரத்துல நாலு வரி. ஸ்டான்ஃபோர்டுல 2021ல 36 பேரை ரெண்டு குரூப்பா பிரிச்சு 10 வாரம், ஒரு குரூப்புக்கு நார்ச்சத்து அதிகமா, இன்னொண்ணுக்கு தயிர், கெஃபிர் (புளிச்ச பால்), கிம்ச்சி (புளிச்ச முட்டைகோஸ்), கொம்புச்சா (புளிச்ச டீ) மாதிரி புளிச்ச உணவு அதிகமா குடுத்தாங்க. புளிச்ச உணவு சாப்பிட்டவங்களுக்கு குடல்ல பாக்டீரியா வகைகள் கூடுச்சு, ரத்தத்துல அழற்சியைக் (உடம்புக்குள்ள வர்ற வீக்கம்) காட்டற 19 புரதம் குறைஞ்சுது. இதுல ஆச்சரியம் என்னன்னா புதுசா தெரிஞ்ச பாக்டீரியால பெரும்பகுதி அவங்க சாப்பிட்ட சாப்பாட்டுல இருந்ததே இல்ல. ஆக உள்ள போன பாக்டீரியா அங்கயே குடியேறிடுதுங்கறது இல்ல, வந்து போறப்போ உள்ள என்னமோ நிலைமையை மாத்துது. 36 பேருங்கறது கம்மிதான், ஆனா தயிர் சாப்பிட ஆராய்ச்சி முடியற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல, அது சாப்பாடு.

ஆனா இங்கயும் ஒரு விஷயம், புளிக்க வெச்சதெல்லாம் உயிரோட இருக்காது. புளிச்ச மாவு ரொட்டி ஓவன்ல போனதும் எல்லாம் செத்துடும், ருசியும் செரிமானமும் மிச்சம். சூடு பண்ணி சீல் வெச்ச பாட்டில்ல வர்ற புளிச்ச முட்டைகோஸும் அப்படித்தான். வினிகர் ஊத்தின ஊறுகாய் புளிக்கவே இல்ல, புளிப்பு ஊத்தினதுதான். தயிருக்கு உலக உணவுத் தரம் கிராமுக்கு குறைஞ்சது 1 கோடி உயிருள்ள பாக்டீரியா இருக்கணும்னு சொல்லுது. பால் ஒத்துக்காதவங்க நிறைய பேருக்கு தயிர் ஒத்துக்கறதுக்கும் அதுதான் காரணம், அந்த பாக்டீரியா பால் சர்க்கரையை உடைக்கறதுல உதவி பண்ணுது. எதையும் சுலபத்துல ஒத்துக்காத ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமே இதை ஏத்துக்கிச்சு.

புளிச்ச முட்டைகோஸை வீட்லயே பண்றதும் கஷ்டமில்ல. 1 கிலோ முட்டைகோஸை மெல்லிசா சீவி 20-25 கிராம் உப்பு போட்டு கையால நல்லா பிசைஞ்சா பத்து நிமிஷத்துல அதுவே தண்ணி விட்டுடும், அந்தத் தண்ணிக்குள்ளயே அமுங்கி இருக்கற மாதிரி பாட்டில்ல அடைச்சு மூடியை லூஸா வைக்கணும், டைட்டா மூடினா கேஸ் சேர்ந்து பாட்டில் வெடிச்சுடும். ரெண்டு மூணு நாள்ல குமிழ் குமிழா மேல வரும், முதல்ல ஒரு பாக்டீரியா வந்து வேலையைத் தொடங்கும், புளிப்பு ஏற ஏற அது ஓஞ்சு அடுத்தது வந்து பொறுப்பெடுத்துக்கும். வாடை புளிப்பா இருக்கணும், அழுகின வாடை வந்தாலோ மேல பஞ்சு மாதிரி பூஞ்சை புடிச்சாலோ மேலாப்புல எடுத்துட்டு சாப்பிடாம மொத்தமா கொட்டிடுங்க. பிபி இருக்கறவங்க உப்பைப் பாத்துக்கணும், இது உப்பு சரக்கு.

உங்க கிட்ட கேக்கறது பெருசா ஒண்ணுமில்ல சார், அடுத்த தடவை புரோபயாடிக்னு எழுதறப்போ எந்த ரகம், எந்த நோய்க்கு, யாரு எடுக்கக்கூடாதுன்னு மூணையும் சேர்த்து எழுதுங்க, முடியலைன்னா டப்பா படத்தைப் போடாம தயிர் படத்தைப் போடுங்க. அடுத்த வாரம் நார்ச்சத்து பத்தின்னு அறிவிப்பு பாத்தேன், அதுல தயவுசெஞ்சு கொஞ்சம் கொஞ்சமா கூட்டணும், தண்ணி நிறைய குடிக்கணும்னு கொட்டை எழுத்துல போட்டுடுங்க, இல்லைன்னா திங்கக்கிழமை காலைல கேஸ் மாத்திரைக்கு எங்க கவுன்டர்ல க்யூ நிக்கும்.

இப்படிக்கு,
மருந்துக்கடையில் இருந்து ஒரு வாசகர்